அம்மா தொடாத மதியம்

பல்கலைக்கழக ஆய்வுக்காக, எங்கள் வெங்காயத் தோட்டத்து வரம்பில் நின்ற தொட்டாற்சுருங்கியை ஒரு வாரம் தினமும் மூன்று வேளை, ஒரு வேளையும் தவறாமல், தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. நான் வகுப்புக்குப் போனால், எழுதத் தெரியாத அம்மா தொட்டுவிட்டு, இலை சுருங்கியதும் வீட்டுச் சுவரில் கரியால் ஒரு கோடு கிழிப்பார். கடைசி நாள் மதியத்துக்குக் கோடு இல்லை.

“வெயிலுக்கை பாதி கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது, ராசா. எழுப்ப மனம் வரேல்லை. இப்ப ஒரு கோடு போட்டுவிடட்டே?”

“வேண்டாமெணை. அது பொய்க் கோடு.”

“அப்ப வாரம் முழுக்கத் திரும்பவோ?”

“ஓம்.”

பொழுது சாய, யாரும் தொடாமலே இலைகள் ஒவ்வொன்றாகக் கூம்பின. வரம்பில் குந்தியிருந்த அம்மா செடியின் பக்கம் குனிந்தார்.

“நாளைக்கு மெல்லமாத் தொடுறன், என்ன?”