பூஜையில் வைத்த கட்டிங் பிளேயர்

சந்தன வாசனை எனக்குக் குமட்டும். வெளியே சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பார்கள், உங்களிடம் சொல்வதற்கென்ன. போன ஆயுத பூஜைக்கு எங்கள் திருமுல்லைவாயில் குடியிருப்பின் எலக்ட்ரீஷியன் தம்பி, தன் டெஸ்டர், ஸ்க்ரூ டிரைவர் எல்லாவற்றையும் மீட்டர் அறை வாசலில் பரப்பிப் பொட்டு வைத்திருந்தார். கை நிறையப் பொரிகடலை கொடுத்தார். சிரித்தபடி வாங்கிக்கொண்டு வந்து குப்பையில் கொட்டினேன்.

எண்பதுகளின் கடைசியில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனி. இரும்புச் சாமான்களை மின் உலையில் பழுக்கவைத்துக் கெட்டிப்படுத்துகிற வேலை. நானும் சூசையும் அங்கே எலக்ட்ரீஷியன்கள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. சூசை கோவில்பதாகையிலிருந்து சைக்கிளில் வருவான். எங்கள் கட்டிங் பிளேயருக்கு வெறும் இரும்புப் பிடி. பழைய சைக்கிள் டியூபை வெட்டி அதன்மேல் மாட்டிக்கொள்வோம். எந்த டியூப் நன்றாகப் பிடிக்கும் என்று நான் பிரசங்கமே செய்வேன். வியர்த்தால் வழுக்கும், எண்ணெய் பட்டால் ஊறிப்போகும், மாதத்தில் கிழியும். கரண்ட் அடித்தால் கையை உதறிவிட்டுச் சிரிப்போம். பயப்படுகிறவன் எலக்ட்ரீஷியனே இல்லை என்று எனக்கு ஒரு நினைப்பு. கருமம்.

நல்ல கருவி இல்லாமலில்லை. ஆயிரம் வோல்ட் தாங்கும் என்று பொறித்த, தடித்த சிவப்புப் பிடி போட்ட ஒரு செட் மேனேஜர் அறைக் கண்ணாடி பீரோவில் இருந்தது. ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வருகிற அன்று எங்கள் மேஜைக்கு வரும். அவர் ஜீப் கிளம்பியதும் பீரோவுக்குப் போய்விடும். அதைவிட்டால் ஆயுத பூஜைக்கு வெளியே வரும். பளபளப்பாக இருப்பதால் சாமி படத்துக்கு முன்னால் முதல் வரிசை அதற்குத்தான்.

அந்த வருஷம் கருவிகளுக்குச் சந்தனப் பொட்டு வைத்தவன் நான். பூஜை முடிந்து எல்லா மெஷினும் நின்றிருந்தது, உலையைத் தவிர. உள்ளே அவசர ஆர்டர் வெந்துகொண்டிருந்தது. சாமிக்கும் அதில் ஆட்சேபணை இல்லை போலிருக்கிறது. கற்பூரம் அணைந்து கொஞ்ச நேரத்தில் உலையின் மின் பேனலிலிருந்து தீய்ந்த நாற்றம் வந்தது. ஒரு ஒயரைப் பிடித்திருந்த நட்டு தளர்ந்து, அங்கே பொறி பறந்தது.

"மெயினை ஆஃப் பண்ணாதீங்கப்பா, சரக்கு பூரா வீணாயிடும். அப்படியே டைட் பண்ணிடுங்க" என்றார் மேனேஜர்.

சூசை தன் பிளேயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மாமே, டியூப்பு கிழிஞ்சிகீது. அந்த செவப்புப் பிடிய எட்தா" என்றான் என்னிடம்.

"பூஜையில வெச்சதை நாளைக்குக் காலைலதான் எடுக்கணும்" என்றார் மேனேஜர்.

சூசை என் காதருகே வந்தான். "நான் தொட்டா வேற மாதிரி பேசுவாங்க. நீ எட்த்தா இன்னா சொல்லப் போறாங்க?"

சரியாகத்தான் கேட்டான். நாலு எட்டில் இருந்தது அந்தக் கருவி. மேனேஜர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் என்னை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். நான் குனிந்து, தரையில் உடைந்துகிடந்த பூசணிக்காயைப் பார்த்தேன்.

சூசை கிழிந்த டியூபையே இழுத்துவிட்டுக்கொண்டு பேனலுக்குள் கையை விட்டான். கத்தக்கூட இல்லை. கை ஒட்டிக்கொண்டது, உடம்பு உதறியது. ஓடிப்போய் மெயினை இறக்கியவன் நான்தான். உலை அணைந்தது, சரக்கும் வீணானது. முதலிலேயே இறக்கியிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்?

ஆஸ்பத்திரியில் அவன் வலது கையில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் எடுத்துவிட்டார்கள். ஸ்க்ரூ டிரைவர் பிடிக்க முடியாதவனுக்கு எலக்ட்ரீஷியன் வேலை ஏது? மறுநாள் மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். 'பாதுகாப்பான கருவிகள் இருந்தும் தொழிலாளி அவற்றைப் பயன்படுத்தவில்லை.' அதற்குச் சாட்சி நான். ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை, பாருங்கள். கையெழுத்துப் போட்டேன். சூசைக்கு வேலை போயிற்று, எனக்கு நிரந்தரமானது.

தொண்ணூறுகளில் ஒருநாள் நூம்பல் பக்கம் அவனுடைய பெட்டிக்கடையைப் பார்த்துவிட்டேன். மூன்று விரலால் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தான்.

"அந்தத் தாள்ல நீயா மாமே கையெழுத்துப் போட்ட?" என்று கேட்டான்.

"நான் இல்லப்பா" என்றேன்.

"அதான பார்த்தேன். எங்க ஊட்டுக்காரிதான், நீதான் போட்டன்னு சொல்லிகினே இருந்தா" என்று சொல்லிவிட்டு, எனக்காக டீ வாங்கிவரச் சொன்னான். குடித்தேன்.

இப்போது அந்தக் கம்பெனி இருந்த இடத்தில் கார் ஷோரூம். மேனேஜர் போய்ச் சேர்ந்துவிட்டார். சூசையும் போன தை மாதம் போய்விட்டான், என்னை நம்பிக்கொண்டே.