புதன்கிழமை ஜாஸ் வகுப்புக்கு ஒரு விண்ணப்பம்

"கிடைக்கும் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் பதினான்கு வேலை நாட்களுக்குள் எழுத்தில் பதில் அனுப்பப்படும்." விதி இதுதான். கொழும்பிலுள்ள ஒரு கலை நிதியத்தின் படிவத்திலேயே இது அச்சாகியிருந்தது. கல்விப் பணிமனையில் பிரதம இலிகிதராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இதைப் போன்ற விதிகளை எத்தனையோ பேருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். கடைப்பிடித்ததாகத்தான் ஞாபகம் இல்லை. ஆகவே, எங்கள் பிள்ளையாரின் அடியார்களே, ஐந்து மாதமாகப் பதில் வராதபோது நான் ஆச்சரியப்படவில்லை. வலித்தது, அவ்வளவுதான்.

விண்ணப்பம் எதற்கென்று சொல்லிவிடுகிறேன். வட்டக்கச்சியில் எங்கள் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் பாடசாலை. அங்கே மேலைத்தேய சங்கீதம் படிப்பிப்பவர் மகேஸ்வரி ரீச்சர். மலையகத்திலிருந்து வந்து தர்மபுரத்தில் குடியேறிய குடும்பம். புதன்கிழமைகளில் பாடசாலை விட்ட பிறகு, உயர்தர வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேருக்கு ஜாஸ் பழக்குகிறார். எல்லாரும் வயல்காரர் வீட்டுப் பிள்ளைகள். இரண்டு சாக்ஸபோனும் ஒரு ட்ரம்பெட்டும் யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஒன்றில் வாங்கிய இரவல். மார்கழி விடுமுறைக்கு முன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தால் வகுப்பு முடிந்தது.

இதில் எனக்கென்ன என்று நீங்கள் கேட்கலாம். இருபத்திரண்டு வயதில் கொழும்பில் வேலை செய்தேன். சனிக்கிழமை மாலைகளில் கடற்கரையோர ஹோட்டல் ஒன்றின் பின்மதிலடியில் போய் நிற்பேன். உள்ளே ஜாஸ் வாசிப்பார்கள். உள்ளே போகச் சப்பாத்து வேண்டும். என்னிடம் செருப்புத்தான் இருந்தது. சப்பாத்து வாங்கிக்கொண்டு ஒருநாள் உள்ளே போவேன் என்று நினைத்திருந்தேன். எண்பத்து மூன்றுக் கலவரத்தோடு எல்லாரையும் போல வடக்கே வந்து சேர்ந்தேன். அதன் பிறகு இந்த மண்ணில் நான் கேட்ட சத்தங்கள் வேறு. அவற்றை நீங்களும் கேட்டீர்கள்.

நாற்பது வருடம் கழித்து ஒரு புதன்கிழமை, குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். வேலிக்கு அப்பால் ஒரு சாக்ஸபோன் மேலே ஏறி, பாதியில் நின்று, இறங்க மனமில்லாமல் தயங்கியது. கோப்பை நிரம்பி வழிந்ததை மனைவி வந்துதான் கண்டார்.

ஆகவே விண்ணப்பத்தை நானே பொறுப்பெடுத்தேன். ஜாஸ் என்று எழுதினால் எந்த மேசையிலும் படிவம் நகராது என்பது என் உத்தியோக அறிவு. "பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டி அணிவகுப்புக்கான வாத்தியங்கள்" என்று தலைப்பிட்டேன். ஒன்பது இணைப்புகள், மூன்று பிரதிகள். ஆனி மாதம் அனுப்பினேன். ஒரு பிரதியைப் பிள்ளையாரின் பாதத்தில் வைத்து அருச்சனை செய்வித்தேன்.

"பிள்ளையாருக்கும் ஒம்பது இணைப்பையும் வைச்சனீங்களோ?" என்று மனைவி கேட்டார்.

வைத்திருந்தேன்.

வெள்ளி தவறாமல் கோவிலுக்குப் போனேன். நிதியத்துக்கு முதலாம் நினைவூட்டல், இரண்டாம் நினைவூட்டல் எழுதினேன். உண்மையைச் சொன்னால், பிள்ளையாருக்கும் அவற்றைத்தான் வாசித்துக் காட்டினேன். ஒரு பக்கத்திலிருந்தும் பதில் இல்லை. ஐப்பசி முடியப் போனது. புதன்கிழமைகளை விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன். நித்திரை குறைந்தது. ஒரு சத்தத்துக்காக இந்த வயதில் ஒருவன் இப்படி ஏங்கலாமா என்று வெட்கமாகவும் இருந்தது.

அந்த மாதத்துக் கடைசி வியாழக்கிழமை ரீச்சர் வீட்டுக்கு வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வாத்தியங்களைக் கேட்டுக் கடிதம் வந்துவிட்டதாம். விண்ணப்பத்தின் பிரதியைத் தரும்படி கேட்டார். கதிரையில் இருந்து முழுவதும் வாசித்தார்.

"சேர், இதில ஜாஸ் எண்ட சொல்லு ஒரு இடத்திலயும் இல்லையே?"

"அது தெரிஞ்சுதான் விட்டனான் ரீச்சர். எழுதினால் தரமாட்டினம்."

"அப்ப அணிவகுப்புக்குத் தந்தால் என்ன செய்யிறது? பிள்ளையள் மைதானத்தைச் சுத்தி நடந்துகொண்டு வாசிக்கிறதோ?"

சிரித்தார். பிறகு தாள்களை அடுக்கி மேசையில் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "பிள்ளையள் ஆசைப்பட்டது ஒண்டு. நாங்கள் கேட்டது வேறொண்டு, சேர்."

என் உத்தியோகக் காலத்தில் என் வரைவில் ஒருவரும் பிழை கண்டதில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை, காலைப் பூசை. முதல் தடவையாகக் கையில் தாள் இல்லாமல் நின்றேன். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அந்தப் பிள்ளைகளும் எழுதிவைக்காததைத்தானே வாசிக்கிறார்கள், தடுக்கினாலும் நிறுத்தாமல். நானும் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"பிள்ளையாரப்பா, எனக்கு அந்தச் சத்தம் வேணும். நான் மதிலுக்கு வெளியில நிண்டே காலம் போட்டுது. அந்தப் பதினொரு பேரையும் வெளியில நிக்க விடாதையப்பா."

அவ்வளவுதான். ஐயர் விபூதி தந்தபோது என் முகத்தை அவர் பாராததுபோல் இருந்தார். நெஞ்சில் ஐந்து மாதமாக இருந்த பாரம் கோவில் வாசலைத் தாண்டும்போது இல்லை. பதில் இன்னும் வரவில்லை, ஆனால் கேட்டாயிற்று.

வீட்டுக்கு வந்து பழைய விண்ணப்பத்தை மீளப்பெறுவதாக ஒரு வரி எழுதினேன். அதன் கீழே ஒரே பக்கத்தில், ஜாஸ் என்ற சொல்லோடு தொடங்கி, வேண்டியதை எழுதினேன். பின்மதில் கதையையும் எழுதினேன். இணைப்பு எதுவும் இல்லை. ரீச்சரும் பிள்ளைகளும் ஒப்பம் வைத்தார்கள். அன்றே பதிவுத் தபாலில் போனது.

பிறகு தெரியவந்தது இது. முதல் விண்ணப்பத்தை, விளையாட்டு விடயம் என்று ஒரு மூலையில் போட்டுவிட்டார்களாம். கொழும்புக்கு வெளியே மாகாணங்களில் ஜாஸ் படிப்பிக்கும் பாடசாலை ஒன்றைத்தான் அவர்கள் அந்த வருடம் முழுவதும் தேடிக்கொண்டிருந்தார்களாம். தற்செயல் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். முன்பென்றால் பணிமனைக் கோவையின் ஓரத்தில் நானும் அப்படித்தான் குறிப்பு எழுதியிருப்பேன்.

இப்போது புதன்கிழமைகளில் நான் குசினியில் நிற்பதில்லை. வகுப்புக்குள் எனக்கு ஒரு கதிரை போட்டிருக்கிறார்கள். செருப்போடுதான் போகிறேன். வெள்ளிக்கிழமைகளில் கோவிலுக்கு வெறுங்கையோடு போகிறேன். அடியார்களே, உங்களுக்கு எது வேண்டுமோ அதை அதன் பெயர் சொல்லியே அவரிடம் கேளுங்கள். கிடைக்கக்கூடியது எது என்று கணக்குப் பார்த்து, அதை மட்டும் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். அந்த வேலையை நான் ஒரு ஆயுள் முழுவதும் பார்த்தவன்.

நிதியத்தின் கடிதத்தில் மூன்றே வரிகள்: வாத்தியங்கள் பாடசாலைக்கே சொந்தமாக வரும்; வகுப்புக்கு மூன்று வருடத்துக்கு உதவி உண்டு; முதல் கச்சேரிக்கு எங்களையும் அழையுங்கள். ஒப்பமிட்டு வாங்கிய திகதி, கார்த்திகை மாதத்து மூன்றாம் வெள்ளி. புது விண்ணப்பம் போன நாளிலிருந்து எண்ணி, இடையில் வந்த பௌர்ணமிப் போயா விடுமுறையைக் கழித்துப் பார்த்தேன். பதினான்காவது வேலை நாள்.