மாட்டுக்கொட்டகைக்கும் ஒரு ஃபில்டர்

நேற்று ஸ்க்ரூடிரைவர் தேடி மேசை இழுப்பறையைக் கவிழ்த்தபோது தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளை டப்பா விழுந்தது. ஒரு முனையில் குட்டி ஒயர், மறுமுனையில் டெலிபோன் சொருகும் துளை. என் மகள் எடுத்துப் பார்த்து, "இது இன்னா சார்ஜர்ப்பா?" என்றாள். இங்கேயே பிறந்தவள், பேச்சு அப்படித்தான். வாங்கி மூக்கருகே வைத்தேன். பழைய பிளாஸ்டிக் வாடை. கூடவே, சத்தியமாகச் சொல்கிறேன், கொஞ்சம் சாணி வாடை.

அது டெலிபோன் ஃபில்டர். அப்போது பேச்சும் இன்டர்நெட்டும் ஒரே கம்பியில் வரும். வீட்டிலுள்ள ஒவ்வொரு போனுக்கும் இதை மாட்டாவிட்டால், மணி அடித்ததும் நெட் செத்துவிடும். தெற்கிலிருந்து ஒரகடத்துக்கு வேலைக்கு வந்த நான், சேரப்பணஞ்சேரியில் ஏகாம்பரம் அண்ணன் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். அவர் லைனிலேயே நெட் வாங்கி, ஹால் போனுக்கும் சமையலறை போனுக்கும் நானே ஃபில்டர் மாட்டினேன். கம்பெனியில் ஒயரிங் செக்ஷன் ஆள் என்ற மிதப்பு வேறு.

எல்லாம் செல்விக்காக. பாளையங்கோட்டையில் எனக்குப் பார்த்திருந்த பெண். ஷிப்ட் முடிந்து வந்து கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசுவோம். "கல்யாணத்துக்கப்புறம் நான் வேலைக்குப் போலாமா?" என்பாள். பார்த்து வைத்தாற்போல் கீழே மணி அடிக்கும். அவள் முகம் அப்படியே உறைந்து நிற்கும். அண்ணனின் மச்சினி மறைமலை நகரிலிருந்து கூப்பிடும் நேரம் அது. செல்போனில் சமாதானம் சொன்னால் கேட்டால்தானே!

"நான் இதக் கேட்டா மட்டும் எப்படி ஓடிப் போயிருதிய? மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. நாளைக்கும் பதில் வரலேன்னா இந்தச் சம்பந்தமே வேண்டாம்."

இரண்டு போனுக்கும் மாட்டியும் கட் ஆகிறதென்றால், ஃபில்டர் இல்லாத மூன்றாவது போன் எங்கோ இருக்கவேண்டும். மறுநாள் லீவு போட்டுவிட்டு, மாடிப்படியில் உட்கார்ந்து என் செல்லிலிருந்து வீட்டு நம்பரை அடித்தேன். ஹாலில் மணி அடித்தது. சமையலறையில் அடித்தது. கொல்லைப்புறத்திலும் எங்கோ அடித்தது! ஓடிப் பார்த்தால், மாடில்லாத மாட்டுக்கொட்டகையில் கோணிக்கு அடியில் ஒரு சிவப்பு டெலிபோன்.

"அட, அது ஒண்ணு கீதே!" என்றார் அண்ணன். "மாடு வச்சிருந்தப்போ மாட்டினது. பால் கறந்துகினே பேசலாம்னு."

"கழட்டிரட்டுமாண்ணே?"

"வாணாம்பா. நெலத்த கம்பெனி எஸ்டேட்டுக்குக் குடுத்தாச்சு, மாட்டயும் வித்தாச்சு. அது ஒண்ணாவது கெடக்கட்டும்."

அவர் முகத்தைப் பார்த்து எனக்கு மனசு வரவில்லை. படப்பைக்கு ஓடி இன்னொரு ஃபில்டர் வாங்கி வந்து, சாணி காய்ந்த சுவரில் அதையும் மாட்டினேன்.

மாலையில் செல்வி அதே கேள்வியைக் கேட்டாள். கீழே மணி அடித்தது. அவள் முகம் உறையவில்லை. புருவத்தைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

"போலாம்," என்றேன்.

"அப்ப சமையல்?"

மணி அடித்துக்கொண்டேதான் இருந்தது. பாழாய்ப்போன லைன் மட்டும் கட் ஆகவே இல்லை.

அந்தக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது ஹாஸ்டல் நிற்கிறது. இடிக்கும்போது அண்ணன் சிவப்பு போனைத் தனக்கு வைத்துக்கொண்டு ஃபில்டரை என்னிடம் தந்தார். கம்பியெல்லாம் போய் ஃபைபர் வந்துவிட்டது. யார் கூப்பிட்டாலும் நெட் அசைவதில்லை. இதோ, வல்லம் வடகால் கம்பெனியில் ஷிப்டில் இருக்கும் செல்வி வீடியோவில் வந்துவிட்டாள். "சாம்பாருக்குத் தாளிச்சிட்டியளா?" என்று கேட்டுவிட்டு, புருவத்தைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கிறாள். என்னைக் காப்பாற்றக் கொட்டகையில் மணி அடிக்கப்போவதில்லை.