காகித வறட்டியில் ஒரு கைரேகை

ஊறிய காகிதத்துக்கு ஒரு வாசனை உண்டு. புளித்த கஞ்சியும் பசையும் கலந்ததுபோல. அதோடு ஈர மரத்தூள் சேர்ந்தால்... ஓசூரில் நான் ஜூனியர் வக்கீலாக இருந்த நாட்கள் அப்படியே எதிரே வந்து நிற்கும்.

முனிரத்தினம்மா என் சீனியரின் கட்சிக்காரர். தொழிற்சாலைகளுக்கு மரப்பெட்டி செய்து தரும் பட்டறையில் பெருக்கும் வேலை. சமையல் கேஸ் கனெக்‌ஷன் அண்ணன் பெயரில் இருந்தது. அந்த அண்ணன்மீதுதான் வழக்கு. யானைகள் நடமாட ஆரம்பித்ததிலிருந்து சானமாவு காட்டுப் பக்கம் விறகுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். எனவே பட்டறையின் மரத்தூளையும் எங்கள் அலுவலகத்தின் வீண் தாள்களையும் சேர்த்து, எரிப்பதற்குத் தாமே கட்டி செய்துகொண்டார். அதற்கு அவர் வைத்த பெயர் 'காயித வெறட்டி'.

தாள்களைக் கிழித்து, பெயிண்ட் பக்கெட்டில் இரண்டு நாள் ஊறவைப்பார். கையால் மசித்து, சலித்த மரத்தூளைக் கலப்பார். ஓட்டை போட்ட பிவிசி குழாய்த் துண்டில் அடைத்து, தண்ணீர் வடியும்வரை கட்டையால் அழுத்துவார். பிறகு தகரக் கூரைமேல் ஒரு வாரம் காய வேண்டும். ஓசூர்த் தூறலில் பல சமயம் அது பத்து நாளாகும்.

"வழவழ காயிதம் வேணாம் சார், ஊறாது. கோர்ட்டு காயிதமா குடுங்க."

"அதுல என்னம்மா விசேஷம்?"

"உங்க கேஸு மாதிரிதான் சார். சீக்கிரமா முடியாது... நின்னு எரியும்."

எளிதில் சிரிக்காத சீனியரே சிரித்துவிட்டார்.

வழக்கு ஒரே ஒரு தாளைச் சார்ந்திருந்தது. முனிரத்தினம்மாவின் அப்பா, நாயனா என்றுதான் சொல்வார், எந்தப் பிள்ளைக்கு எந்தத் துண்டு நிலம் என்று தெலுங்கில் எழுதச் சொல்லிப் பெருவிரல் ரேகை வைத்த தாள். அதை முனிரத்தினம்மா எங்களிடம் ஒப்படைத்திருந்தார். மூலத்தைக் காட்டினால்தான் நிலம். ஜெராக்ஸ் மட்டும் போதாது.

விசாரணைக்கு முந்தைய மாதம், கூடுதல் பாதுகாப்புக்காக இன்னொரு நகல் எடுக்கலாம் என்று அந்தத் தாளை வழக்குக் கட்டிலிருந்து உருவி மேசையில் வைத்தேன். உருவியது நான். வேறு எவருமல்ல. அன்றே அலுவலகத்தைச் சுத்தம் செய்யும்படி சீனியர் சொன்னார். எல்லை ஊர் என்பதால் தெலுங்கிலும் கன்னடத்திலும் பழைய நோட்டீஸ்கள் குவிந்து கிடந்தன. நான் ஊத்தங்கரைக்காரன், இரண்டு எழுத்தும் படிக்கத் தெரியாது. தமிழ், ஆங்கிலத் தாள்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பிரித்தேன். மற்றவற்றை அள்ளிச் சாக்கில் போட்டு, முனிரத்தினம்மாவிடமே கொடுத்தேன்.

"இவ்ளோவா! ரெண்டு மாசம் ஓடும் சார்" என்று தலையில் தூக்கிவைத்துக்கொண்டு போனார்.

மூன்று வாரம் கழித்து சீனியர் கேட்டார்: "அந்த அம்மாவோட ஒரிஜினல் எங்கப்பா?"

தேடினேன். இல்லை. பயத்தில் வாய் முந்திக்கொண்டது. "அவங்ககிட்டயே திருப்பிக் குடுத்த ஞாபகம் சார்..."

அது எங்கே போனதென்று அப்போது எனக்கு உறுதியாகத் தெரியாது. அதே வாரம் தெரிந்தது.

குளிருக்கு வெந்நீர் போட என் அறைக்கும் முனிரத்தினம்மா வறட்டி கொடுத்தனுப்புவார். ஒன்றை எடுத்தபோது, அதன் பக்கவாட்டில் சரியாக மசியாத ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. மூன்று தெலுங்கு எழுத்துகள். பக்கத்தில் கறுப்பு மையில் பாதி ரேகை. அது அவருடைய அப்பாவின் ரேகைதான் என்று நீதிமன்றத்தில் என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனாலும் எனக்குத் தெரியும்.

மூலம் எங்கள் கையில்தான் அழிந்தது என்று சொல்லியிருந்தால், நகலை ஏற்கும்படி கேட்க ஒரு நேர்மையான வழி இருந்தது. என் வேலை போயிருக்கலாம், அவ்வளவுதான். நான் அந்தக் கட்டியை அடுப்பில் வைத்தேன். அவர் சொன்னது சரி... நின்று எரிந்தது. அந்த வெந்நீரில் குளித்துவிட்டு கோர்ட்டுக்குப் போனேன்.

மூலம் கட்சிக்காரரிடமே தொலைந்துவிட்டது என்று மனு தாக்கலானது. எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டபோது கூண்டில் நின்ற முனிரத்தினம்மா சொன்னார்: "வக்கீல் ஆபீஸ்ல குடுத்தேங்க. திருப்பிக் குடுத்தாங்கன்னு சொல்றாங்க... எனக்கு நெனப்பு இல்லீங்க."

மனுவுக்கும் சாட்சியத்துக்கும் முரண் என்று நகல் நிராகரிக்கப்பட்டது. வழக்கு தோற்றது. இன்று அந்த நிலத்தில் கம்பெனி ஆட்களுக்கான வரிசை வீடுகள் நிற்கின்றன.

இப்போது என் அலுவலகத்தில் ரசீது எழுதித் தராமல் எந்த மூலத்தையும் வாங்குவதில்லை. வந்த அன்றே ஸ்கேன் செய்துவிடுகிறோம். தெலுங்கும் கன்னடமும் படிக்கத் தெரிந்த ஜூனியர் ஒருவர் இருக்கிறார். "எங்க சார் ரொம்ப ஜாக்கிரதை" என்று அவர் பிறரிடம் பெருமையாகச் சொல்வது காதில் விழும். நான் மறுத்ததில்லை.

போன மாதம் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் முனிரத்தினம்மாவைப் பார்த்தேன். மகளோடு அஞ்செட்டியில் இருக்கிறாராம். பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர், என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"உக்காருங்கம்மா... எப்படி இருக்கீங்க?"

"இக்கிறேன் சார். எனக்காக நீங்க அன்னிக்கி எவ்ளோ அலைஞ்சீங்க... என் புத்தியத்தான் செருப்பால அடிக்கணும். நாயனா குடுத்த ஒரே காயிதம், அத எங்கியோ உட்டுட்டேன் பாருங்க."

பஸ் புறப்பட இன்னும் பத்து நிமிடம் இருந்தது. சொல்வதற்கு அது தாராளமாகப் போதும்.

நான் கடைக்குப் போய் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிவந்து, ஜன்னல் வழியாகக் கொடுத்தேன்.