சம்பளச் சீட்டில் நான் சேர்க்கச் சொன்னவை

என் கையெழுத்து கோணலாக இருக்கும். பிழைகளும் நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுவதைத் தவிர அதிகம் எழுதியதில்லை. படிக்கிறவர்கள் மன்னிக்க வேண்டும்.

செண்பகனூரில் ஒரு காட்டேஜில் பத்தொன்பது வருடமாகத் தோட்ட வேலையும் காவலும் பார்க்கிறேன். முதலாளி சென்னையில் இருக்கிறார். மாதம் பிறந்தால் சம்பளம் பேங்கில் ஏறிவிடும். நான் சீட்டு கேட்டதில்லை, அவரும் கொடுத்ததில்லை.

என் மனைவி கேரட் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். சர்க்கரை வியாதிக்காரி. கல் குத்திய இடது கால் பெருவிரல் ஆறாமல் கறுத்துவிட்டது. மதுரையில் காட்டினோம். ரத்தக்குழாயில் அடைப்பு, அதைச் சீக்கிரம் திறந்துவிட்டால் விரலோடு போய்விடும், காலுக்கு ஒன்றும் ஆகாது என்றார் டாக்டர். அரசாங்கக் காப்பீட்டு அட்டை இருந்தால் செலவில்லை. அட்டைக்கு வருமானச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு, வேலை செய்கிற இடத்திலிருந்து சம்பளச் சீட்டு வேண்டும் என்று வி.ஏ.ஓ. சொன்னார்.

முதலாளிக்குப் போன் செய்ய எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அவர் நல்லவர்தான், எனக்குத்தான் பேச்சு வராது. டைப் செய்து அனுப்பு, கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன் என்றார்.

பெருமாள்மலையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த பெண் பொறுமையாக விளக்கினாள். மேலே பெயர், மாதம், வேலை செய்த நாள். இடது பக்கம் கொடுத்தது, வலது பக்கம் பிடித்தது, அடியில் கைக்கு வந்தது. வேறு ஏதாவது தருகிறார்களா என்று கேட்டாள். குடியிருக்கிற அறை, கரண்டு, விறகு, மாதம் ஒரு சிப்பம் அரிசி, தீபாவளிக்கு எடுத்துத் தருகிற துணி, எல்லாவற்றையும் சொன்னேன். அறைக்கு என்ன வாடகை போடலாம் என்றாள். கொடைக்கானலில் அப்படி ஓர் அறை என்ன விலைக்குப் போகுமோ அதைச் சொன்னேன்.

"இதெல்லாம் போடணுமாண்ணே?"

"போடும்மா. குடுத்தத குடுக்கலைன்னு எழுதக் கூடாது."

எங்கள் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தது. அங்கே அரிசி, கம்பளி எல்லாம் செக்ரோலில் ஏறும் என்பார் அப்பா. செக்ரோல் என்பது தோட்டத்துச் சம்பளப் பேரேடு. வாங்கியதை மறைப்பது எங்கள் ஆட்களுக்குத் திருட்டு மாதிரி. முதலாளி பெயர் போட்ட காகிதத்தில் அவர் கொடுத்ததை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

கையெழுத்தாகி வந்த சீட்டை மனைவியிடம் காட்டினேன். அடியில் இருந்த தொகையை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இம்புட்டு சம்பாதிக்கிற ஆளுகூடவா இத்தன வருசம் ஒத்த ரூம்புல கெடந்தேன்?" என்று சிரித்தாள். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

வி.ஏ.ஓ. பார்த்துவிட்டுச் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். "அட்டைக்கான வருமான வரம்பத் தாண்டிருச்சேங்க. வெறகையும் அரிசியையும் யாருங்க சம்பளத்துல எழுதச் சொன்னா? கையில வர்ற பணத்த மட்டும் போட்டு வெரசா வாங்கிட்டு வாங்க. ஒரு நாள் சோலிதான்."

முதலாளிக்கு ஒரு போன் செய்தால் போதும். நான் செய்யவில்லை. நீங்கள் கொடுத்த அறையை அடித்துவிடுங்கள், அரிசியை அடித்துவிடுங்கள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஒரு முறை கையெழுத்துப் போட்டவரை மறுபடி தொந்தரவு செய்வதா என்றும் இருந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். சீசன் வந்தது, காட்டேஜில் ஆள் நிறைந்தது, அதைச் சாக்காக வைத்துக்கொண்டேன். மனைவி கேட்டபோதெல்லாம் ஆபீசில் பேப்பர் நிற்கிறது என்றேன். அவள் வெந்நீரில் உப்புப் போட்டுக் காலைக் கழுவி, என் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டிக்கொள்வாள். ஆறு வாரம் போயிற்று.

ஒரு நாள் காலையில் அவளுக்குக் காய்ச்சல் கொதித்தது. பாதம் முழுக்க நிறம் மாறியிருந்தது. அப்போதுதான் போன் செய்தேன். இதற்கா இத்தனை நாள் தயங்கினாய் என்று முதலாளி வருத்தப்பட்டார். அரைமணி நேரத்தில் புதுச் சீட்டு வந்தது. அறை இல்லை, அரிசி இல்லை, சம்பளம் மட்டும் இருந்தது. அன்றே மதுரையில் சேர்த்தேன். அவள் படுக்கையில் இருக்கும்போதே சான்றிதழும் அட்டையும் வந்துவிட்டன.

இனி அடைப்பைத் திறந்து பயனில்லை என்றார் டாக்டர். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதற்கான செலவு முழுவதும் அந்த அட்டையில்தான் போயிற்று.

எங்கள் அறை ரோட்டுக்குக் கீழே முப்பத்திரண்டு படி இறங்கி இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் நான் தூக்கிக்கொண்டு ஏறுவேன். மற்ற நாட்களில் அவள் மேலே வருவதில்லை.

போன வாரம் அவள் பீன்ஸ் ஆய்ந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து உண்மையைச் சொன்னேன். பேப்பர் எந்த ஆபீசிலும் நிற்கவில்லை, நான்தான் போன் செய்யவில்லை என்றேன்.

அவள் நிமிரவில்லை. "தெரியும்ங்க. ஒங்க சட்டைய தொவைக்கிறது நாந்தானே. அந்தப் பேப்பர எத்தன தடவ பையிலருந்து எடுத்து வச்சிருப்பேன்."

பின்னே ஏன் அந்தப் பேப்பரைக் காட்டிக் கேட்கவில்லை என்றேன்.

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன். நானாவது மொதலாளி அய்யாவுக்குப் பேசியிருக்கலாம். எனக்கும் வெக்கமாத்தான் இருந்துச்சு."

பீன்ஸ் முழுவதையும் ஆய்ந்து முடித்தாள்.

இதை எழுதி வைக்கட்டுமா என்று நேற்றுக் கேட்டேன். எழுதுங்க என்றாள்.

ஐப்பசி ஏழாம் தேதி, வெள்ளிக்கிழமை.