மூன்று கல் தோடு

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எதையும் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே நான் அப்படித்தான். புத்தகமும் கையுமாகத் திரிகிற, பார்த்ததை அப்படியே ஒப்பிக்கிற பிள்ளை.

அம்மாவின் தலைத்துண்டில் எப்போதும் பச்சை ஏலக்காய் வாசம் அடிக்கும்...

விடியுமுன் ஜீப் வந்து ஹாரன் அடிக்கும். காமயகவுண்டன்பட்டியிலிருந்து மலையேறி, கேரளா பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஜீப். சேலைக்கு மேல் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. எல்லாப் பெண்களுக்கும் அதே கோலம்தான். கழுத்தில் மஞ்சள் கயிறு. செயினெல்லாம் வீட்டில்.

அம்மா மட்டும் ஏழு கல் தோட்டைக் கழற்றாது. பெரிய தோடு. எல்லாம் சிவப்புக் கல், நடுவில் ஒன்று, சுற்றி ஆறு.

"அந்தத் தோட்டப் பாத்துட்டுத்தான் பொண்ணு கேட்டு வந்தேன்னு சொல்லுவாக உங்கப்பா. மூஞ்சியப் பாக்கவே இல்லையாம்" என்று சொல்லிச் சிரிக்கும்.

ஏலச்செடிக்குள் குனிந்து குனிந்து காய் எடுக்கும்போது தோடு துண்டில் மாட்டி இழுக்கும். காது ஓட்டை கீழே இறங்கிக்கொண்டே வந்தது. ஒருநாள் அம்மா காதில் ரத்தத்தோடு வந்து நின்றது. அப்பா லாரியில் வடக்கே போயிருந்த நேரம். அந்த வாரமே என்னைக் கூட்டிக்கொண்டு கம்பத்தில் ஆசாரி கடைக்குப் போனது.

"இம்புட்டு நல்ல தோட்ட அழிக்கப் போறியாம்மா?" ஆசாரிக்கு மனசே இல்லை.

"காதும் போயி தோடும் போகணுமாண்ணே? வேலைக்குப் போட்டுக்கிட்டுப் போற மாதிரி சின்னதாப் பண்ணிக் குடுங்க. எனக்கு ஒண்ணு, இவளுக்கு ஒண்ணு. ரெண்டும் ஒரே மாதிரி."

காதுக்கு மூன்று கல் வைத்து, காதோடு ஒட்டி நிற்கிற மாதிரி இரண்டு ஜோடி பண்ணிக் கொடுத்தார். திருகாணி காதுக்குப் பின்னால் குத்தாமல் வழவழவென்று ராவியிருந்தார். மிச்சமிருந்த இரண்டு கல்லைப் பொட்டலம் கட்டித் தந்தார்.

அம்மா கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

"என்னண்ணே, கோழிக் கால் மாதிரி இருக்கு!"

"போட்டுப் பழகு. அப்புறம் இதுதான் வேணும்னு நிப்ப."

வெளியே வந்ததும் என் சடையை இழுத்துக் காதை மூடிவிட்டது. "அப்பாட்ட சொல்லிறாத ஆத்தா. தீவாளிக்கு நானே காட்டிக்கிறேன். அதுவரைக்கும் துண்டால காத மறைச்சுக்கிறேன். இல்லைன்னா ஆடித் தீத்துருவாக."

ரெட்டைச் சடையை மடித்துக் கட்டினால் காது தெரியாது. நான் சொல்லவில்லை.

அப்பா ஊர் வந்து சேர்ந்த அன்று சாயங்காலம்தான் அந்தச் செய்தியும் வந்தது. மழையில் மலைப்பாதையில் ஒரு ஜீப் கவிழ்ந்துவிட்டது. யார் ஜீப் என்று யாருக்கும் தெரியவில்லை. யூனிபார்மைக்கூட மாற்றாமல் அப்பாவோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

அடிபட்டவர்கள் படுத்திருந்த வார்டில் அம்மா இல்லை. பின்னால் ஒரு அறையில், யாரென்று தெரியாத ஒரு பெண்ணைத் துணிபோட்டு மூடி வைத்திருந்தார்கள். முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று ஆஸ்பத்திரி ஆயா சொன்னது. அப்பா மட்டும் உள்ளே போனார்.

உடனே வெளியே வந்துவிட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"உங்கம்மா இல்ல ஆத்தா! அது வேற யாரோ. அந்த ஆயா துணிய ஓரமா வெலக்கிக் காதக் காட்டுச்சு. நம்ம தோடே இல்ல. அவ தோடு எனக்குத் தெரியாதா?"

கையைப் பார்த்திருக்கலாம். காலைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. காதைப் பார்த்ததும் அவருக்குப் போதுமென்று ஆகிவிட்டது.

வாசலில் டீ வாங்கி வந்து என் கையில் கொடுத்தார். "குடி. உங்கம்மா வேற ஜீப்ல வந்துக்கிட்டு இருப்பா. புள்ளைய ஏன் இங்கன கூட்டியாந்தீகன்னு என்னையத்தான் ஏசப் போறா பாரு."

சிரித்தார். நான் டீயைக் குடிக்கவில்லை.

"என்ன தோடுப்பா?"

"என்னமோ சிறுசு. செவப்புக் கல்லு... கோழிக் கால் மாதிரி."

அந்த நேரத்தில் எனக்கு அழுகை வரவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்தேன். ரிப்பனை அவிழ்த்தேன். சடையை விலக்கி, அப்பா பக்கம் திரும்பி, காதைக் காட்டினேன்.

பார்த்தார்.

"இது யாரு போட்டது?"

"அம்மா... ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி. தீவாளிக்கு உங்களுக்குக் காட்டலாம்னு..."

நான் முடிப்பதற்குள் எழுந்து மறுபடி அந்த அறைக்குப் போனார். இந்தத் தடவை உடனே வெளியே வரவில்லை.

போன வாரம் என் கல்யாணத்துக்கு நகை எடுக்க, அப்பாவும் நானும் தேனிக்குப் போனோம். ஏசி கடை. கண்ணாடிக் கதவு. ஒரு கவுண்டர் முழுக்க 'டெய்லி வேர்'. அட்டிகை, மாங்காய் மாலை, ஏழு கல் தோடு, எல்லாமே நகம் அளவில்.

"பழைய மாடல்தான் மேடம், ஆபீசுக்குப் போற மாதிரி லைட் வெயிட்ல பண்ணிருக்கோம். இப்ப இதுதான் ஃபாஸ்ட் மூவிங்" என்றது கவுண்டரில் நின்ற பெண்.

தட்டில் மூன்று கல் தோடும் இருந்தது.

எங்கள் ஆசாரி வேலை மாதிரி இல்லை. கல் எல்லாம் ஒரே அளவு, ஓரமெல்லாம் மெஷின் கட்டிங். ஆனாலும் அதேதான். அம்மா இருந்திருந்தால் இந்நேரம் விதவிதமாக மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா அந்தத் தோட்டை எடுத்து என் காதோரம் வைத்துப் பார்த்தார். இப்போது எனக்கு ஒற்றைச் சடைதான், காது மறையாது. அம்மாவின் ஜோடியைத்தான் போட்டிருந்தேன். இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நல்ல வெளிச்சத்துல காட்டுத்தா..." என்றார்.

விளக்குக்குக் கீழே போய் நின்றேன். கடை மூடுகிற நேரம். அந்தப் பெண் ஒவ்வொரு தட்டாக உள்ளே எடுத்து வைத்தது. எங்களைத் தவிர வேறு யாரும் இல்லை. அன்று ஒரே பார்வையில் வெளியே வந்துவிட்ட அப்பா, இப்போது என் காதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

விளக்கை அணைத்துவிட்டார்கள்.