இடப்பக்கத்துக் கோடு

கடலுக்குப் போகுமுன் என் தம்பி ஜெயவேல் கடைசியாகச் செய்த காரியம், என் தட்டிலிருந்து மீன் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது. அது 2007, மார்கழி. நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள். பேய்க் கதைகளுக்குச் சிரித்தவள். இது என் காதால் கேட்டது. கூடவே அம்மாவும் கேட்டாள்.

திருவொற்றியூர் குப்பத்தில் எங்கள் வீடு. படகுக்காரர்கள் கடலில் வயர்லெஸ் செட்டில் பேசுவதைக் கேட்க, கம்ப்யூட்டரோடு சேரும் ஒரு ரேடியோவை நானே பற்றவைத்துச் செய்திருந்தேன். கேட்கலாம், பேச முடியாது. சவுண்டு கார்டின் இடது, வலது இரண்டு வழியாகவும் ஒலி உள்ளே போகும். யாராவது பேசினால் திரையில் ஒரு கோடு விழும். இரண்டின் அளவும் ஒன்றாக இல்லாவிட்டால், திரையில் வலப்பக்கம் விழும் கோட்டுக்கு இடப்பக்கம் ஒரு போலி விழும். கண்ணாடியில் தெரிவது மாதிரி. அளவைச் சரிசெய்தால் போலி மங்கிவிடும். அன்று மீனை மென்றுகொண்டே ஜெயவேல் திரையைப் பார்த்தான்.

"யக்கா, உன் பொட்டியில எல்லாரும் ரெண்டு ரெண்டா கீறாங்க. எனக்கும் ஒருத்தன் கெடச்சா அவன கடலுக்கு அனுப்பிட்டு நான் தூங்குவேன்."

"போலிக்கு தேசப்பன் மாமா கூலி குடுக்க மாட்டாருடா."

சிரித்துக்கொண்டே போனான். தேசப்பன் மாமாவின் படகு மறுநாள் மதியம் திரும்ப வேண்டும். திரும்பவில்லை. மற்ற படகுகள் எல்லாம் வந்துவிட்டன.

பொழுது சாய்ந்தபோதும் நான் திரை முன்னால்தான் இருந்தேன். அம்மா என் பின்னால் நின்றாள். ஒரு கோடு எழுந்தது. கொர்ர்ர்...

"யக்கா... கேக்குதா..."

"உசிரோட கீறான்டி," என்று அம்மா என் தோளைப் பிடித்தாள்.

நான் திரையைப் பார்த்தேன். கோடு இடப்பக்கம் இருந்தது. வலப்பக்கம் காலி. அசல் இல்லாமல் போலி மட்டும் எப்படி விழும்?

இடது, வலது வயர்களை இடம் மாற்றிச் செருகினேன். கோடு வலப்பக்கம் தாவியிருக்க வேண்டும். அசையவில்லை.

அளவைச் சரிசெய்தேன். மங்க வேண்டிய குரல்... தெளிந்தது.

"கரை தெரியுது யக்கா. எண்ணூர் சிம்னி தெக்கால கீது."

எங்களுக்கு எண்ணூர் வடக்கே.

"எண்ணூரத் தாண்டி பழவேற்காட்டாண்ட ஒதுங்கிட்டான் போல. போய் ஆள அனுப்பலாம் வாடி," என்றாள் அம்மா.

எழுந்தேன்.

"சூரியன் கடல்ல எறங்கிகினு கீது யக்கா..."

ஜன்னலைப் பார்த்தேன். சூரியன் மணலிப் பக்கம், நிலத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் கடலில் அது இறங்காது. ஏறத்தான் செய்யும்.

ஏரியல் வயரைப் பிடுங்கினேன்.

குரல் நிற்கவில்லை.

"யக்கா... ஏன் வயர இடது கைல புடிச்சினு கீற?"

குனிந்து பார்த்தேன்.

வலது கை.

கோடு அணைந்தது.

மறுநாள், டீசல் கேனைப் பிடித்து மிதந்த தேசப்பன் மாமாவைக் காசிமேட்டுப் படகு ஒன்று தூக்கி வந்தது. ஆஸ்பத்திரியில் அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"நேத்து காலீல கவுந்துச்சிமா. சூரியன் அப்பத்தான் கடல்லேர்ந்து ஏறிகினு இருந்துச்சி. என் கண்ணு முன்னாடியே போய்ட்டான்... செட்ட கைல புடிச்சிகினே."

நாங்கள் அவன் குரலைக் கேட்டது நேற்று சாயங்காலம்.

ஜெயவேல் இன்னும் கரை ஒதுங்கவில்லை.